339-ஐப் படித்துவிட்டு 345-க்குப் போனேன்

போன ஞாயிறு சென்னையில் ஒரு நாய்க் கண்காட்சியின் டெரியர் வகை நாய்களை மதிப்பிடும் ரிங்கில் பயிற்சி நடுவராக நின்றுவிட்டு வந்தேன். விண்ணப்பம், பணம், அனுமதிக் கடிதம் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. சொதப்பியது ஒரே ஒரு தாள்.

ஜாக் ரஸ்ஸல் டெரியருக்கான தர வரையறையை, அதாவது அந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்பை, அனுப்பச் சொல்லி ஏற்பாட்டாளர்களிடம் கேட்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. தலைப்பில் 'பார்சன்' என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தது. ஏதோ பழைய பெயர் போல என்று விட்டுவிட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து நெட்டுருப் போட்டேன். ஆணுக்குத் தோள் உயரம் 36 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 33.

ரிங்கில் முதல் நாய் வந்து நின்றதுமே எனக்கு ஏதோ உதைத்தது. குட்டை. அடுத்ததும் குட்டை. ஐந்துமே குட்டை! ஒவ்வொன்றுக்கும் நேரே 'உயரம் போதாது, உடல் நீளம்' என்று எழுதிக்கொண்டே போனேன். பெரிய நடுவர் என் அட்டையை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நீங்க பார்சனைத் தேடுறீங்க. வந்திருக்கிறது ஜாக்."

காது சிவந்துவிட்டது. இங்கிலாந்தின் டெவனில் நரி வேட்டைக்கு நாய் வளர்த்த ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியாரின் பெயர்தான் இரண்டுக்கும். ஆனால் பார்சனுக்குக் கால் நீளம். ஜாக் 25 முதல் 30 சென்டிமீட்டர்தான். உயரத்தைவிட உடல் நீளமாகத்தான் இருக்க வேண்டும். நான் குறை என்று எழுதியதெல்லாம் அந்த இனத்தின் இலக்கணம். அனுப்பியவரைப் பிடித்துக் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்கிறார். என்ன சொல்வது? பெயரை நம்பாதீர்கள், எஃப்சிஐ (சர்வதேச நாய் வளர்ப்புக் கூட்டமைப்பு) இனத்துக்குக் கொடுத்த எண்ணைப் பாருங்கள். ஜாக் 345, பார்சன் 339.

சரி, அட்டையைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதற்குள் நாயை நிறுத்திப் பார்க்கும் மேசையில் தகராறு. மேலே வெறும் பிளாஸ்டிக் விரிப்பு. நாய் கால் வழுக்கிப் பயத்தில் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறது. அப்படி நிற்கும் நாயின் முதுகுக்கோட்டை எப்படி மதிப்பிடுவது? ரப்பர் விரிப்பு கேட்டால் இல்லை. கடைசியில் தண்ணீர் கேனுக்கு அடியில் கிடந்த கோணிச் சாக்கை உதறி விரித்தேன். நாய்கள் ஒழுங்காக நின்றன. இனிமேல் என் பையில் ஒரு ரப்பர் விரிப்பு கண்டிப்பாக இருக்கும்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த கட்டம். பின்னாலிருந்து, முன்னங்கால்களுக்குப் பின்னே இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, முன்கால்களை லேசாகத் தூக்க வேண்டும். சுற்றளவு 40 முதல் 43 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். சராசரிக் கைக்குள் மார்பு அடங்க வேண்டும். நரி வளைக்குள் நுழைய வேண்டிய நாய் அல்லவா! அடக்கி அமுக்கவும் கூடாது, விலா வளைந்து கொடுப்பது கைக்குத் தெரிய வேண்டும். பிடிக்கும் முன் ஹேண்ட்லரிடம் (நாயை ரிங்கில் நடத்துபவரிடம்) ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "கடிக்காது சார், பயப்படாதீங்க" என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் என் சட்டைக் கை கிழிந்தது.

பார்வைக்கு எடுப்பாக நின்றது மூன்றாவது நாய். மினுமினுவென்று வெள்ளை, முகத்தில் அளவாகப் பழுப்பு, ரிங்கைச் சுற்றி ஓடும்போது கைத்தட்டல் வேறு. மார்பைப் பிடித்தால் பீப்பாய்! விரல்கள் எட்டவே இல்லை. ஓரமாக நின்ற, ஒரு பள்ளிச் சிறுமி கூட்டிவந்த பெண் நாய் கைக்குள் கச்சிதமாக அடங்கியது. அதற்கு முதல் இடம் எழுதினேன். பெரிய நடுவரின் தாளிலும் அதுவே முதல். இரண்டாவதும் மூன்றாவதும் எங்களுக்குள் மாறிப் போயின, பரவாயில்லை.

மதியம் மூன்று மணிக்குக் கையெழுத்து வாங்கினேன். அதற்கும் ஒரு மணி நேரம், முத்திரை யாரோ ஒருவரின் கார் டிக்கியில் இருந்ததாம்.

அடுத்த மாதம் வயர் ஃபாக்ஸ் டெரியர். எண் 169. இந்த முறை நானே தேடி இறக்கிவிட்டேன்.