எலெக்ட்ரிக் காரில் ரப்பர் கருகும் வாடை: எங்கே தேடணும்?

பெட்ரோல் வண்டியில் ரப்பர் கருகும் வாடை வந்தால் முதலில் ஃபேன் பெல்ட், அடுத்து கிளட்ச், அதுவும் இல்லையென்றால் சைலன்சரில் ஒட்டி உருகிய பாலித்தீன் பை. எலெக்ட்ரிக் காரில் இது எதுவுமே கிடையாது. ஏசி கம்ப்ரசர்கூட தனி மோட்டாரில்தான் ஓடுகிறது. உடனே எல்லார் பார்வையும் பேட்டரி மேல் போகும். ஆனால் ரப்பர் வாடை என்றால் பெரும்பாலும் சக்கரத்துப் பக்கம்தான் விவகாரம்.

பேட்டரி கெட்டால் வாடையே வேறு. பெயின்ட் தின்னர் மாதிரி, கொஞ்சம் இனிப்பு கலந்து அடிக்கும். அதோடு 'உஸ்' என்ற சத்தமோ, வண்டிக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகையோ வந்தால் ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். ஆட்களை இறக்கிவிட்டு தூரமாகப் போய் நின்று 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். பானெட்டைத் திறக்கக்கூடாது.

காரையாறு பார்த்துவிட்டு பாபநாசம் மலையிறங்கி வந்த வண்டி ஒன்று. அம்பாசமுத்திரம் வருவதற்குள் வாடை. ஓடும்போது லேசாக, நிறுத்தினால் குப்பென்று. இந்த ஒரு தகவலே பாதி வேலையை முடித்துவிடும். ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போகிறது, நின்றதும் சூடு மேலே ஏறுகிறது, அப்படியென்றால் சக்கரம். ஏசி ப்ளோயர் போட்டால் மட்டும் வந்தால் ப்ளோயர் மோட்டார், அதன் கனெக்டர், அல்லது ஹீட்டர். குழியில் இறங்கும்போதும், ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போதும் மட்டும் வந்தால், கிளிப் கழன்ற மட்கார்டு லைனரில் டயர் உரசுகிறது. லைனரில் பளபளவென்று தேய்ந்த தடம் இருக்கும்.

நிறுத்திய ஐந்து நிமிடத்துக்குள் டெம்பரேச்சர் கன் பிடித்து நாலு சக்கரத்தையும் அளக்கணும். பளபளப்பான டிஸ்க் பரப்பில் பிடித்தால் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். நடுவில் துருப்பிடித்து மங்கலாக இருக்கும் பகுதியில் பிடியுங்கள். இந்த வண்டியில் மூன்று சக்கரம் 60 டிகிரிக்குக் கீழே. பின்பக்கம் இடது மட்டும் 180-க்கு மேலே.

ஜாக்கி போடும் இடத்தில் கவனம். தரை முழுக்க பேட்டரிப் பெட்டிதான். அதில் ஜாக்கி முட்டினால் பிரேக் செலவு பேட்டரிச் செலவாகிவிடும். கதவுக்குக் கீழே குறித்திருக்கும் பாயின்ட் மட்டும்தான். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின் சக்கரத்தைக் கையால் சுற்றினோம். அரைச் சுற்றுக்கே முக்கியது. ஆரஞ்சு நிற வயர் எங்கே கண்ணில் பட்டாலும் கை வைக்கக்கூடாது; அது ஹை வோல்டேஜ்.

அடுத்து காலிப்பரின் (பேடை டிஸ்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம்) ப்ளீடர் நிப்பிளை, அதாவது பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகை, சற்றே தளர்த்தணும். ஆயில் பீறிட்டு சக்கரம் லேசானால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. ஆயில் வந்தும் லேசாகவில்லையென்றால் ஸ்லைட் பின் (காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் கம்பி), பிஸ்டன், அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கிறது. இங்கே லேசாகவில்லை. காலிப்பரைக் கழற்றினால் கீழ்ப் பின் வந்தது, மேல் பின் வரவில்லை. ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே துருவும் காய்ந்த சேறும். உள்பக்க பேட் 2 மில்லிமீட்டர், வெளிப்பக்க பேட் 7. இப்படி ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் ஸ்லைட் பின் நகரவில்லை என்று அர்த்தம்.

எலெக்ட்ரிக் காரில் இது அதிகம் வர காரணம் ரீஜென், அதாவது வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவது. வேகத்தைக் குறைப்பதை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் காலிப்பர் மாதக்கணக்கில் சோம்பிக் கிடக்கிறது. ஈரமும் புழுதியும் சேர்ந்து ஸ்லைட் பின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் வாடை வரக் காத்திருக்காமல் கழற்றிப் பார்த்துவிடுங்கள். கொடைக்கானல் மாதிரி மலை மேலேயே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்குவதும் ஆபத்து. நிறைந்த பேட்டரி திரும்ப மின்சாரம் வாங்காது. ரீஜென் குறைந்து, முழுப் பளுவும் பிரேக் மேல் விழும். சும்மா சூடான பிரேக்கென்றால் இரு பக்கமும் ஒரே மாதிரி சுடும்.

ஸ்லைட் பின்னில் குழி விழுந்திருந்தால் எமரித் தாள் தேய்க்காமல் புதுசு போடுவதே நல்லது. சிலிக்கான் பிரேக் கிரீஸ் மெல்லிசாகப் பூசினால் போதும். திணித்தால் காற்று அடைபட்டு பின் உள்ளே போகாது. சாதாரண கிரீஸ் பட்டால் பூட் ஊதிப்போகும், திரும்பப் பிடிக்கும். பேட் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மாற்றணும். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் ஸ்கேனரில் சர்வீஸ் மோடு போடாமல் பிஸ்டனைத் தள்ளினால் மோட்டார் கியர் உடையலாம். டிஸ்க் நீலம் பாரித்திருந்தால் தடிமனை அளந்து, அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். இவ்வளவு சூடு பட்ட பிரேக் ஆயிலையும் மாற்றிவிடணும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்த ஆயில் 155-லேயே கொதிக்கலாம். வேலை முடிந்து ஓட்டி வந்து திரும்ப அளந்தால் இடது வலது வித்தியாசம் பத்து இருபது டிகிரிக்குள் நிற்கணும்.

சக்கரம் நாலும் சுத்தமென்றால் பானெட் பக்கம் வாருங்கள். பிசான நெல் அறுப்பு முடிந்தால் வயல் எலிக்கு வீட்டுக் கார்தான் அடுத்த ஜாகை. 12 வோல்ட் வயரின் தோலைக் கடித்து வைத்தால் ஷார்ட் ஆகிக் கருகும்.

சார்ஜ் போடும்போது மட்டும் வாடை வந்தால் வண்டியை விட்டுவிட்டு சுவரைப் பாருங்கள். 16 ஆம்பியர் சாக்கெட்டில் 15 ஆம்பியர் ராத்திரி முழுக்க ஓடுகிறது. திருகு தளர்ந்திருந்தால் சாக்கெட் உருகும். சில சாக்கெட் கருகும்போது ரப்பர் வாடைகூட வராது, மீன் வாடைதான் அடிக்கும்; சமையலறையில் தேடிக்கொண்டிருப்பார்கள். மெயினை அணைத்து சாக்கெட்டையே மாற்றி, 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தனியாக இழுத்து, 20 ஆம்பியர் எம்சிபியும் மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போடச் சொல்லுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் சார்ஜ் ஓடியபிறகு பிளக்கைத் தொட்டுப் பார்க்கணும். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைத்திருக்க முடியாத சூடென்றால் நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிடுங்கள்.