எண்ணுக்குப் பின்னால் நிற்கும் எழுத்து

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் பயன்படுத்திய கே98கே துப்பாக்கியைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது நான்கு இலக்க எண்ணை அல்ல, அதற்குக் கீழே பொறிக்கப்பட்டிருக்கும் சிறிய எழுத்தைத்தான். தொழிற்சாலைகள் ஒவ்வோர் ஆண்டும் வரிசை எண்ணைப் புதிதாகத் தொடங்கின. முதல் தொகுதிக்கு எழுத்து கிடையாது, அது தீர்ந்ததும் அடுத்தடுத்த தொகுதிகளுக்கு 'ஏ', 'பி', 'சி' என எழுத்துகள் சேர்ந்தன. ஆகவே 4512 என்ற ஒரே எண் பல துப்பாக்கிகளில் இருக்கலாம். தொழிற்சாலைக் குறியீடு, ஆண்டு, எழுத்து மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு துப்பாக்கியின் அடையாளமாகும்.

பெரிய பாகங்களில் முழு எண்ணும், திருகு போன்ற சிறியவற்றில் கடைசி இரண்டு இலக்கங்களும் பொறிப்பதே வழக்கம். போரின் இறுதிக் கட்டத்தில், உற்பத்தி வேகத்துக்காக, சிறு பாகங்களில் எண்ணிடுவது படிப்படியாகக் கைவிடப்பட்டது. எனவே 1945ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் திருகுகளில்கூட எண்கள் பொருந்தியிருந்தால், மகிழ்வதற்கு முன், அவை பின்னாளில் பொறித்த போலி எண்களா என்று பார்க்க உருப்பெருக்கியை எடுப்பதே நல்லது.

சோவியத் படையினர் கைப்பற்றிய துப்பாக்கிகளின் கதை வேறு. பழுதுபார்க்கும்போது பாகங்களைக் கலந்து பூட்டிய அவர்கள், போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) இருந்த பழைய எண்ணைக் குறுக்குக்கோட்டால் அடித்துவிட்டு, உலோகத்தில் கீறி எழுதும் மின்பேனாவால் புதிய எண்ணை எழுதினார்கள். அச்சுப் பொறிப்பின் ஆழமான, நேரான விளிம்புகளுக்கு அருகே அந்தக் கையெழுத்து மெலிதாகவும் நடுக்கத்துடனும் தெரியும். அதைத் தேய்த்து அழித்து 'அசல்' என விற்பது எனக்குப் பொறுக்கமுடியாத செயல். அந்தக் கீறலும் துப்பாக்கியின் வரலாறுதான்.