குழாய் எடுக்கும் தேதி

புரட்டாசி வெயிலில் பாம்பன் கடலில் பாசி எடுத்துவிட்டுக் கரையேறும்போதே வலது விலாவுக்குக் கீழே பிடித்தது. வாயு என்று நினைத்துப் படுத்தேன். இரவு குளிர்காய்ச்சல் வந்து பல் கிட்டியது. மதினிதான் ஆட்டோ பிடித்து ராமநாதபுரம் கொண்டுபோனார், அங்கிருந்து மதுரை.

ஸ்கேனில் 9 மி.மீ. கல். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் பாதையில் மாட்டி, மேலே சிறுநீரகம் வீங்கியிருந்தது. கல்லை எடுத்துவிடுவார்கள் என்றே நம்பினேன். எடுக்கவில்லை. முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, சிறுநீர் போகிற வழியாகவே கேமரா விட்டு, டிஜே ஸ்டென்ட் என்ற குழாயை வைத்துவிட்டு, "மூன்று வாரம் கழித்து வாங்கம்மா" என்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கேட்டபோது டாக்டர் விளக்கினார்: தேங்கிய சிறுநீரில் கிருமி இருக்கிறது, இப்போது கல்லை உடைத்தால் கிருமி ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகும், முதலில் வடிய வழி செய்ய வேண்டும். சொன்னபடியே இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது.

குழாய் ஒரு சாணுக்குச் சற்று கூடுதல் நீளம், மெல்லிசு. இரண்டு முனையும் தூண்டில் முள்போல வளைந்திருக்கும். ஒன்று சிறுநீரகத்திலும் மற்றது பையிலும் சுருண்டு நிற்பதால் நழுவாது.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் விலா வரை சுண்டி இழுத்தது. குடம் தூக்கினால் ரத்தம் கலந்து வந்தது. கால் மணிக்கு ஒருமுறை ஓட்டம். ஆபரேஷன் கெட்டுப்போனது என்று அழுதேன். போனில் நர்ஸ் அம்மா ஆறுதலாகப் பேசினார்: குழாய் இருக்கும்வரை பாதை திறந்தே இருக்கும், பை சுருங்கும்போது சிறுநீர் மேலேயும் ஏறும், அதனால்தான் இந்த வலி. காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கட்டியாக வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ மட்டும் உடனே வரச் சொன்னார். அப்புறம் டாம்சுலோசின் மாத்திரை கொடுத்தார்கள். பாதி வலி அடங்கியது.

மூன்றாம் வாரம் லேசர் வைத்துக் கல்லைப் பொடித்தார்கள். பாதை வீங்கி அடைக்கக்கூடும் என்று புதுக் குழாய் ஒன்றை இரண்டு வாரத்துக்கு வைத்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் வலி குறைந்துவிட்டது. பஸ் செலவு, ஒருநாள் கூலி எல்லாம் யோசித்து, குழாயை எடுக்கப் போகாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா அப்படித்தான் ஒரு வருஷத்துக்கு மேல் விட்டவர். குழாயின் மேலேயே கல் படிந்து, எடுக்க இரண்டு ஆபரேஷன் ஆனது. அவர் முகம் நினைவுக்கு வந்ததும் கிளம்பினேன். மரத்துப்போகும் ஜெல் தடவி உருவினார்கள். ஐந்து நிமிடம்கூட இல்லை.

பாசிக்குப் போகும் பெண்கள் மணிக்கணக்கில் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறோம். ஒதுங்க இடமில்லை என்று விடியலிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. நானும் இருபது வருஷம் அப்படித்தான். இப்போது வள்ளத்தில் தண்ணீர்க் கேன் வைத்திருக்கிறேன். நடுவில் ஒருமுறை கரைக்கு விடச் சொல்கிறேன். முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது மதினியும் கூட இறங்கிக்கொள்கிறார்.