லஞ்ச்பாக்ஸுக்குப் புது டிஸ்க்: பாடாங் செராய் நாட்குறிப்பு

2025 மார்ச் 7, வெள்ளி

பினாங்கில் ஒரு தொழிற்சாலை கழித்துவிட்ட சன் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் ஐபிஎக்ஸ் கணினி, மச்சான் புண்ணியத்தில் வீட்டுக்கு வந்துவிட்டது. 1991-இல் வந்த மாடல். 40 மெகாஹெர்ட்ஸ் சிபியு, ரேம் அதிகபட்சம் 64 எம்பி. சின்ன உருவம் என்பதால் அந்தக் காலத்திலேயே லஞ்ச்பாக்ஸ் என்றுதான் பெயர். பாடாங் செராய் இருக்கும் மலேசியாவின் கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமை பள்ளி கிடையாது, அதனால் அக்கா மகனும் வந்து உட்கார்ந்துகொண்டான். மூடியைக் கழற்றினோம். உள்ளே செம்மண் தூசியும் எறும்புக் கூடும்தான் முதலில் தெரிந்தன.

உள்ளே இருக்கும் 424 எம்பி டிஸ்க் சுற்றவே இல்லை. "மாமா, என் ஃபோட்டோ ஐம்பதுகூட இதில் அடங்காதே!" என்கிறான். போன் படத்தைச் சொல்கிறான். கணக்குப் பார்த்தால் கொஞ்சம் கூடவே அடங்கும், ஆனால் வாதம் செய்யவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கீபோர்டும் மானிட்டரும் கூட வரவில்லை. கவலையில்லை. கீபோர்டு செருகாமல் விட்டால் இது சீரியல் போர்ட் வழியாக இன்னொரு கணினியோடு 9600 வேகத்தில் பேசும். பின்னால் இருப்பது எட்டு ஊசி கொண்ட வட்டச் சாக்கெட், பழைய மேக்கில் இருப்பதைப் போன்றது. கேபிளை நானே பற்றவைத்தேன்.

எதிர்பார்த்தபடியே பெட்டியின் முதல் புகார்: ஐடிப்ராம் (பெட்டியின் அடையாள விவரம்) செல்லாது. எம்கே48டி02 சிப்புக்குள் புதைத்து வைத்திருக்கும் பேட்டரி செத்துவிட்டது. நெட்வொர்க் முகவரி உட்பட எல்லாம் அதில்தான் இருந்தது. சிப்பின் தலையைக் கொஞ்சம் அறுத்து, வெளியே ஒரு சிஆர்2032 பொத்தான் பேட்டரி கட்டினேன். பிறகு எம்கேபி கட்டளையால் முகவரியைக் கையால் எழுதினேன். டிஸ்க் மாற்றப் போகிறவர்கள் இதை முதலில் முடித்துவிடுவது நல்லது. இந்தச் சிப் காலியாக இருந்தால் பெட்டி சோதனை நிலைக்குப் போய், டிஸ்க்கை விட்டுவிட்டு நெட்வொர்க்கில் பூட் ஆகப் (அங்கிருந்து சிஸ்டத்தை ஏற்றிக்கொள்ளப்) பார்க்கும். நீங்கள் பாவம் டிஸ்க்கையே குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

மார்ச் 14, வெள்ளி

சர்வரில் ஓடிய 36 ஜிபி டிஸ்க் ஒன்று கையில் இருக்கிறது. 10,000 ஆர்பிஎம், 80 பின். ஐபிஎக்ஸுக்குள் இருப்பதோ 50 பின் ஸ்கஸி (டிஸ்க்குகளை இணைக்கும் பழைய முறை). இரண்டையும் இணைக்கும் அடாப்டர் சின்ன அட்டைதான், ஆனால் இரண்டு விஷயம் பார்த்து வாங்க வேண்டும். ஒன்று, இந்த வகை டிஸ்க்கில் ஐடி ஜம்பர் (டிஸ்க்கின் எண்ணை அமைக்கும் சின்னச் செருகி) கிடையாது, அடாப்டரில்தான் இருக்கும். இன்னொன்று டெர்மினேஷன், அதாவது கேபிள் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் அடக்குவது. இந்த டிஸ்க்குகள் தாமாக டெர்மினேட் செய்யாது. கேபிள் முனையில் தனி டெர்மினேட்டர் வேண்டும், பயன்படாத மேல் எட்டு பிட்டையும் அடாப்டர் டெர்மினேட் செய்திருக்க வேண்டும். மலிவான அட்டைகள் இதைச் செய்யாது. ஒருநாள் ஓடும், மறுநாள் ஓடாது, ஏன் என்றும் பிடிபடாது.

ஐடி 3 வைத்தேன். பிசி பழக்கத்தில் எல்லாரும் முதல் டிஸ்க் 0 என்றுதான் நினைப்போம். சன் பழக்கம் வேறு. ப்ராமில் (பெட்டியை முதலில் எழுப்பும் நிரல் உள்ள சிப்பில்) 31204567 என்றொரு வரிசை உண்டு. டிஸ்க் 0 என்றால் ஸ்கஸி ஐடி 3, டிஸ்க் 3 என்றால் ஐடி 0.

இணைந்திருக்கும் டிஸ்க்குகளைத் தேடும் ப்ரோப்-ஸ்கஸி கட்டளையை அடித்தேன். டார்கெட் 3 என்று டிஸ்க்கின் பெயர் வந்தது. அக்கா மகன் கை தட்டினான். இது பூட் இல்லைடா, வெறும் அடையாள அட்டை என்றேன்.

மார்ச் 15, சனி

மதியம் இடி. இந்த மாதத்தில் தினமும் இப்படித்தான். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பசார் ரமலானுக்குப் போய் முர்தபாக் வாங்கி வந்தேன். வேலை நடக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இத்தனை பெரிய டிஸ்க்கை இந்தப் பழசு ஏற்குமா என்று மச்சான் போனில் கேட்டார். அளவு ஒரு பிரச்சினையே இல்லை. பழைய பிசிக்களில் பயாஸ் 504 எம்பி, 8.4 ஜிபி, 137 ஜிபி என்று ஒவ்வொரு இடத்தில் முட்டும். ஸ்கஸியில் "இத்தனையாவது பிளாக் கொடு" என்று கேட்பதோடு சரி, சிலிண்டர் கணக்கு (அந்த பிளாக் உள்ளே எங்கே இருக்கிறது என்பது) டிஸ்க்கின் சொந்த விஷயம்.

சிக்கல் பூட் ஆகும் அந்தச் சில நொடிகளில்தான். பழைய ப்ராம் ஆறு பைட் கட்டளையால் படிக்கிறது. அதில் பிளாக் எண்ணுக்கு 21 பிட்தான் இடம். 20,97,152 பிளாக், ஒவ்வொன்றும் 512 பைட், மொத்தம் சரியாக 1 ஜிபி. அதற்கு அப்பால் இருப்பது ப்ராமுக்குத் தெரியாது. கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ஏறிவிட்டால் பத்து பைட் கட்டளை வந்துவிடும், முழு டிஸ்க்கும் திறக்கும். ஆக, ரூட் பார்ட்டிஷன் முதல் 1 ஜிபிக்குள் அடங்கிவிட்டால் போதும். நான் 800 எம்பி ஒதுக்கினேன்.

நெட்பிஎஸ்டி என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நெட்வொர்க் வழியாக ஏற்றினேன். சிடி வழி இருக்கிறது, ஆனால் 512 பைட் பிளாக்கில் படிக்கும் டிரைவ் வேண்டும், தேட மனமில்லை. ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ரார்ப், டிஎஃப்டிபி, என்எஃப்எஸ் (பெட்டிக்கு முகவரி சொல்லி ஃபைல் கொடுக்கும் சேவைகள்). பெட்டி தன் ஐபி முகவரியையே பதினாறடிமான எண்ணாக்கி ஃபைல் கேட்கும்: 192.168.1.10 என்றால் "சி0ஏ8010ஏ.சன்4சி". ஃபைல் பெயர் அப்படியே, எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

இரவு பத்தரைக்கு லாகின் வந்தது.

மார்ச் 21, வெள்ளி

ஓடுகிறது, ஆனால் மேசைமேல் விரித்துப் போட்டபடி. அடாப்டர் சேர்ந்ததும் டிஸ்க் நீளம் கூடிவிட்டது, மூடி மூடவில்லை. சூடும் அதிகம், பத்து நிமிடத்தில் கை வைக்க முடியவில்லை. இந்த ஊர் வெயிலில், இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் 10,000 ஆர்பிஎம் டிஸ்க்கை அடைக்கச் சொல்பவர்களின் பேச்சை நான் கேட்க மாட்டேன்.

அதனால் புளூஸ்கஸி ஆர்டர் செய்திருக்கிறேன். எஸ்டி கார்டை ஸ்கஸி டிஸ்க்காகக் காட்டும் அட்டை. சுற்றும் டிஸ்க்கின் சத்தம் போய்விடும் என்பதில் வருத்தம்தான்.

மார்ச் 28, வெள்ளி

அட்டை வந்தது. இதில் ஜம்பரே இல்லை. கார்டில் போடும் ஃபைலின் பெயரே ஐடி. எச்டி30 என்று தொடங்கினால் ஐடி 3, லன் (ஐடிக்குள் வரும் துணை எண்) 0. 2 ஜிபி ஃபைல் ஒன்றை உருவாக்கினேன். புது டிஸ்க் என்பதால் லேபிள் (பார்ட்டிஷன் விவரம்) சரியில்லை என்று பெட்டி முணுமுணுத்தது, லேபிள் எழுதியதும் அடங்கிவிட்டது. மீண்டும் அதே நெட்வொர்க் வழி, அதே 800 எம்பி ரூட், கடைசியாக டிஸ்க்கை பூட் ஆகச் செய்யும் இன்ஸ்டால்பூட் கட்டளை.

பூட் டிஸ்க் என்று அடித்ததும் ஏறியது. மூடியும் மூடியது. கார்டிலிருக்கும் ஃபைலை லேப்டாப்பில் நகல் எடுத்து வைத்தேன். இனி கார்டு கெட்டாலும் அந்த நகலைப் புதுக் கார்டில் போட்டால் முடிந்தது.

36 ஜிபி டிஸ்க்கை வெளிப்பெட்டி ஒன்றில் விசிறியோடு வைத்து ஐடி 1 ஆக்கலாம் என்று இருக்கிறேன், ஹரிராயா லீவில் பார்க்கலாம். கூலிம், லூனாஸ் பக்கம் யாரிடமாவது சன் டைப் 5 கீபோர்டு சும்மா கிடந்தால் சொல்லுங்கள், 50 வெள்ளி (ரிங்கிட்) வரை தருகிறேன்.