வினாடிக்கு வினாடி மாறும் மனம்

அயல்மொழி வகுப்பில் எழும் பதற்றத்தை அளக்க எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1986-இல் வெளியிட்ட 33 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் எப்போதோ ஒருமுறை நிரப்பும் தாள், ஒரே பாடவேளைக்குள் மாணவரின் மனம் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதைக் காட்டாது.

கனடாவின் கேப் பிரெட்டன் பல்கலைக்கழக உளவியலாளர் பீட்டர் மெக்கின்டயர் 2011-இல் சக ஆய்வாளருடன் எழுதிய கட்டுரையில் விவரித்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. மாணவர் பேசுவதைக் காணொளியாகப் பதிவு செய்து, உடனே அதை அவருக்கே போட்டுக் காட்டி, பேசும் விருப்பம் எந்தக் கணத்தில் கூடியது, எந்தக் கணத்தில் குறைந்தது என்று கணினியில் அவரையே சொடுக்கச் சொல்கிறார்கள். பிறகு அந்தச் சொடுக்குகளிலிருந்து உருவான வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கோடு சரிந்த இடங்களுக்குக் காரணம் கேட்கிறார்கள். வேண்டிய சொல் வாயில் வராதபோது விருப்பம் சட்டென்று இறங்கிவிடுகிறது. இது தெரிந்த ஆசிரியர், அடுத்த பேச்சுப் பயிற்சிக்கு முன்பே அச்சொற்களைத் தந்துவிடலாம்.

முகத்தைப் பார்த்து உணர்வைக் கணிக்கும் மென்பொருள்களில் எனக்கு நம்பிக்கையில்லை. யோசிப்பவரின் நெற்றியும் சுருங்கும், சலித்தவரின் நெற்றியும் சுருங்கும். கல்வி நிலையங்களில் அத்தகைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்துவிட்டது.