1806க்கு ஒரு தேக்சா

வேலூர் லாங்கு பஜாரில் பழைய பாத்திரக் கடை பாய் அந்தச் செம்புத் தேக்சாவைக் கவிழ்த்துக் காட்டினார்.

அடி முழுக்கச் சுத்தியல் தடம். ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம். மெஷினில் அழுத்திய பாத்திரத்தில் இது வராது.

"எடை போட்டுத் தரேன் தம்பி. ஈயம் மட்டும் நீங்க பூசிக்கணும்."

1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்த நாள். அதை எங்கள் தெருப் பிள்ளைகள் நடிக்கிறார்கள். சமையல் காட்சியில் உண்மையாகவே அடுப்பு எரியும். அதில் அலுமினியமோ எவர்சில்வரோ வைக்க எனக்கு மனசில்லை. அலுமினியத்தை முதன்முதலில் பிரித்தெடுத்ததே 1825இல்தான். எவர்சில்வர் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு.

புதுச் செம்பு விலை கையைக் கடிக்கிறது. பளபளப்புக்கு லேக்கர் என்ற மேற்பூச்சு அடித்தது வேறு, அடுப்புக்கு ஆகாது. பழசுதான் மலிவு, காலத்துக்கும் பொருத்தம். வெல்டிங் ஒட்டு இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்கவே கூடாது, செம்பு கரைந்து இறங்கும். பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், காரீயம் விஷம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், வெறும் பாத்திரத்தைத் தீயில் காயவிடக் கூடாது.

தலைப்பாகை உத்தரவும் துப்பாக்கியும் பிள்ளைகளுக்குப் பாடத்திலேயே தெரியும். அந்தச் சிப்பாய்கள் பசித்து, அடுப்பு மூட்டிச் சாப்பிட்ட மனிதர்கள் என்பதும் தெரிய வேண்டும்.

தேக்சா வாங்கிவிட்டேன். இன்னும் ஒரு அண்டா வேண்டும். வேலூர், காட்பாடிப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் இரவல் கொடுங்கள். ஈயம் பூசியே திருப்பித் தருகிறேன்.