இழுத்தது இடதுபக்கம், கோளாறு வலதுபக்கம்

இரண்டு வாரமாக, பிரேக் மிதித்தால் கார் இடதுபக்கம் ஒதுங்கியது. மெதுவாகப் போகும்போது தெரியாது, 50 கி.மீ. வேகத்தில் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் ஸ்டியரிங் தானாகத் திரும்பப் பார்க்கும். காலை எடுத்தால் நேராக ஓடும். அதனால் அலைன்மெண்டை (சக்கரங்களின் கோணத்தை) விட்டுவிட்டு டயர் காற்றைப் பார்த்தேன். முன்சக்கரம் இரண்டிலும் 32. சரி, பிரேக்தான்.

இடதுபக்கம் இழுக்கிறதே என்று இடது சக்கரத்தைக் கழற்றி ஒரு காலைப்பொழுதைத் தொலைத்தேன். அங்கே எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: நன்றாகப் பிடிக்கிற பக்கம்தானே வண்டி திரும்பும்! இடது காலிப்பர் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பேட்களால் அழுத்திப் பிடிக்கும் பாகம்) விடாமல் கவ்விக்கொண்டிருந்தாலும் அந்தப் பக்கம் இழுக்கும்தான். ஆனால் அப்போது மிதிக்காதபோதே சக்கரம் உரசும். ஜாக்கியில் தூக்கிச் சுற்றியபோது அது லேசாகவே சுற்றியது. சிறிது தூரம் ஓட்டிவிட்டு ரிம் அருகே கை வைத்தேன். இடது சுட்டது, வலது வெதுவெதுப்போடு சரி.

வலது டிஸ்க்கின் உள்முகம் பளபளவென்று இருக்க, வெளிமுகத்தில் விளிம்பை ஒட்டி மங்கலான துருப்பட்டை. இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். அது உள் பேடைத் தள்ள, காலிப்பர் இரண்டு பின்களின் (வழுக்குக் கம்பிகளின்) மேல் நகர்ந்து வெளி பேடை இழுத்துவர வேண்டும். பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் காலிப்பரைக் கம்பியால் கட்டிவிட்டு, பிஸ்டனைக் கிளாம்பால் அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஆக, பிஸ்டனும் ஹோஸும் தப்பித்தன. மேல் பின் விரலுக்கே அசைந்தது. கீழ்ப் பின்னைத் திருகித் திருகிப் பிடுங்க வேண்டியிருந்தது.

அதன் ரப்பர் உறை உப்பிப்போயிருந்தது. செய்தவன் நான்தான். போன முறை பேட் மாற்றியபோது பிரேக் கிரீஸ் பாக்கெட் இடதுபக்கத்தோடும் இந்தப் பக்க மேல் பின்னோடும் தீர்ந்துவிட, கீழ்ப் பின்னுக்குக் கையில் கிடைத்த பேரிங் கிரீஸைத் தடவினேன். பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் இந்த ரப்பர் வீங்கும் என்று தெரிந்தும், 'கொஞ்சம்தானே' என்கிற சோம்பல்.

துளையை பிரேக் கிளீனரால் சுத்தம் செய்து, புது உறையும் தூசி மறைக்கும் ரப்பர் மூடியும் போட்டு, சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகத் தடவி மாட்டினேன். முதல் சில மிதிகளில் லேசான இழுப்பு இருந்தது. துரு தேய்ந்ததும் அதுவும் போய்விட்டது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுடுகிறது. வலது பேட்கள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. அடுத்த வாரம் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.